பதினேழு பேர் ஏறிய வண்டி

பிள்ளைகளா,

பள்ளிக்கூட வேனைக் கிளப்புவதற்கு முன்னால் நான் இறங்கி வந்து, ஒவ்வொருத்தர் தலையிலும் இரண்டு விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரியும். போன வாரம் மூத்தவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "எப்பா, எல்லாரும் சிரிக்காவ. மனசுக்குள்ள எண்ணுனா ஆகாதா?" சின்னவன் அதற்கும் மேலே போனான். "அப்பாக்கு மனசுக்குள்ள பத்துக்கு மேல வராதுட்டி."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த எண்ணுகிற பழக்கம் என்னுடையது இல்லை. ஒரு அக்காவிடமிருந்து வந்தது. மூத்தவளே, அடுத்த மாதம் நீ ஹாக்கி முகாமுக்குப் போகிறாய். போவதற்கு முன் அந்த அக்காவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பியும் படிக்கட்டும். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அக்காவின் பெயரை எழுதவில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்தப் பெயரை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன் நான் முக்கூடல் சாலையில் ஒரு நூல் மில்லில் வேன் ஓட்டினேன். மில்காரர்கள் ஒரு பெண்கள் ஹாக்கி அணி வைத்திருந்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்து வயசு வரை இருக்கும். பேருக்கு மில் தொழிலாளிகள், ஆனால் வேலை ஆடுவதுதான். மாதச் சம்பளம், மூன்று நேரச் சாப்பாடு, மில்லுக்குப் பின்னால் தங்க இடம். வேறு அணிக்குப் போக நினைத்தால் தடையில்லை என்று மில் ஒரு சான்று தர வேண்டும். அதில் கோச் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் அந்தப் பிள்ளையின் ஆட்டம் அதோடு முடிந்தது.

பெண்கள் அணி வெளியூர் போனால் கூடவே ஒரு பெண் மேலாளர் போக வேண்டும் என்பது விதி. அதற்கு மில்லில் ஆள் தேடினார்கள். டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் குறித்துக்கொண்டிருந்த அக்காவைப் பிடித்தார்கள். பாளையங்கோட்டைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற ஆறு நாள் மில். ஹாக்கி மட்டையை எந்த முனையில் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவரைப் பிடித்தார்கள். கோச் என் எதிரில் வைத்தே ஆபீஸ் மேனேஜரிடம் சொன்னார்: "கையெழுத்துப் போட ஒரு லேடி வேணும் சார், அவ்வளவுதான். ஆட்டம் தெரிஞ்சவங்களா இருந்தா தொல்லை."

முதல் நாள் வண்டியில் ஏறியதும் அக்கா முன் இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டுப் பின்னால் போனார். ஒவ்வொரு தலையிலும் இரண்டு விரல்.

"ஒண்ணு... ரெண்டு... தலைய ஆட்டாதட்டி... மூணு..."

கோல்கீப்பர் பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. "எக்கா, நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டின்னா எனக்குக் கவலையே இல்ல பிள்ளே. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அது கத்தியாவது காட்டிக்குடுக்கும். நீங்க கத்த மாட்டீயளே."

வண்டியே சிரித்தது. நானும் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேன்.

டீ குடிக்க நிறுத்தினாலும் எண்ணுவார். பெட்ரோல் போட நிறுத்தினால், ஒருத்தரும் இறங்கவே இல்லை, அப்போதும் எண்ணுவார். மலைப்பாதை வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே ஒரு கையால் தலைகளைத் தடவித் தடவி எண்ணியதையும் பார்த்திருக்கிறேன். "பையப் பைய எண்ணுங்கக்கா, எங்க ஓடிருவாவ?" என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

"தம்பி, ஷிப்டு முடிஞ்சதும் உள்ள போன கணக்கும் வெளிய வந்த கணக்கும் ஒண்ணா இருக்கணும். ஒரு ஆள் குறைஞ்சா, எவனோ பீடி குடிக்கப் போயிருப்பான்னு நினைக்கப்பிடாது. மிஷினுக்கு இடையில கை மாட்டிக் கிடப்பான்னுதான் முதல்ல நினைக்கணும். போய்ப் பாத்தா பீடிதான் குடிச்சிட்டு இருப்பான். இருக்கட்டும். நாம போய்ப் பாத்தோம்லா."

ஒரு ஆட்டத்தில் எதிர் அணி இரண்டு பேரை மாற்றினார்கள். வெளியே வர வேண்டிய ஒருத்தி வரவில்லை. நடுவர் பார்க்கவில்லை, எங்கள் கோச்சும் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே குடை பிடித்து உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று எழுந்து, குடையோடு மேஜைக்கு ஓடினார். "அங்கன பன்னெண்டு பேரு நிக்காவ! பன்னெண்டு!" விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி எண்ணினார்கள். பன்னிரண்டுதான். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். பிள்ளைகள் அக்காவைத் தூக்கிச் சுற்றியதில் குடைக்கம்பி வளைந்துவிட்டது. கோச் மட்டும், "டைம் ஆபீஸ் புத்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அது பாராட்டாகவே பட்டது. "ஆமா சார்," என்றார்.

ஆட்டம் தெரியாததால் அவர் என்னிடம்தான் கேட்பார். பந்து காலில் பட்டால் ஏன் விசில் ஊதுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டார்.

"பந்து கால்ல படப்பிடாதுக்கா. மட்டையிலதான் படணும்."

"அந்தப் பிள்ளை வேணும்னா மிதிச்சா? பந்துதானே தேடி வந்து பட்டுச்சு."

"தெரியாமப் பட்டாலும் தப்புதான்."

"தெரியாமப் பட்டாலுமா?" குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். "அதுஞ் சரிதான். பட்டுச்சா இல்லியாங்கிறதுதானே கேள்வி."

இனி கோச்சைப் பற்றி எழுத வேண்டும். மூத்தவளே, இதை நிதானமாகப் படி. அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பயிற்சியில் ஒரு பிள்ளை தப்பு செய்தால் மட்டையால் கெண்டைக்காலில் அடிப்பார். எல்லார் முன்னாலும் எடை பார்த்து, ஒருத்தியைப் பன்றி என்பார், இன்னொருத்தியின் உடம்பைப் பற்றி நான் எழுத முடியாத வார்த்தை சொல்வார். பிள்ளைகள் தலையைக் குனிந்து நிற்பார்கள். பழைய ஆட்டக்காரிகளே புதிதாக வந்தவர்களிடம், "இதுக்கெல்லாம் அழுதா ஆட வந்திருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கும் அது ஹாக்கியில் ஒரு பாகம் என்றுதான் பட்டது. சில சமயம் அவர் சொன்னதற்குச் சிரித்தும் இருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு மட்டும் அது பழகவே இல்லை. ஒருநாள் நேரே போய் நின்றார்.

"சார், ஒங்க வீட்டுப் பிள்ளைய இப்படிச் சொல்லுவியளா?"

"என் வீட்டுப் பிள்ளை ஆட வரலையே மேடம்."

"வந்திருந்தா?"

"மேடம், நீங்க எண்ணுற வேலையைப் பாருங்க."

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். காலையிலேருந்து நீங்க அடிச்சது பதினோரு அடி." அக்கா தம் கட்டிக்கொண்டு சொன்னார். மில் ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்தார். "கோப்பை வாங்கிட்டு வாராருல்லா, விடுங்க" என்று பதில் வந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

வடக்கே ஒரு ஊரில் போட்டி. லாட்ஜில் தங்கியிருந்தோம். முதல் நாள் காலையில் அணி மேலாளர்களுக்கு ஒரு கூட்டம் வைப்பார்கள். அக்கா பதினெட்டுப் பெயர்களும் எழுதிய பட்டியலோடு ஆட்டோவில் போய்விட்டார். போகும்போது என்னிடம், "தம்பி, நான் இல்லன்னா நீ எண்ணணும், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வண்டிக்கு டிரிப் ஷீட் எழுத வேண்டும். கிளம்பிய நேரம், கிலோமீட்டர், ஏறிய ஆட்கள், அதாவது ஆட்டக்காரிகள். காலையில் டீ குடிக்கும்போதே அன்றைய எல்லா வரியிலும் ஆட்கள் என்ற கட்டத்தில் 18, 18, 18 என்று நிரப்பி வைத்துவிடுவேன். டிரைவர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்வோம். அன்றைக்கும் நிரப்பிவிட்டேன்.

கோச் வாசலுக்கு வந்தார். "நீ கிளம்பு. ஒருத்திக்குக் கணுக்கால்ல வலி, ஐஸ் வைக்கணும். நாங்க பின்னாடி ஆட்டோல வந்துடறோம்."

அந்த ஒருத்தி ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை. இருபது வயசு. இடது ஓரம் ஆடுகிறவள், அதிகம் பேச மாட்டாள். முந்தின நாள் அவள் வண்டியில் ஓடி ஏறியதை நான் பார்த்தேன். கணுக்காலுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் கேட்கவில்லை. வண்டி லாட்ஜைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். மாடி வராந்தாவில் ஒரு காலில் மட்டும் ஷூ போட்டு நின்றிருந்தாள். கையை உயர்த்தினாள். டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

கூட்டம் முடிந்து அக்கா மைதானத்துக்கு வந்தார். வந்ததும் எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். என்னைப் பார்த்தார். கோச் சொன்னதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். லாட்ஜ் அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்ததாம். இரண்டு கையாலும் அறைந்து, "பதினேழுதான் இருக்கு! பதினெட்டாவது ஆள் எங்க?" என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாராம். லாட்ஜ்காரன் பிறகு எனக்குச் சொன்னான்.

உள்ளே என்ன நடந்தது என்று நான் எழுத மாட்டேன். அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது. அவள் வேண்டாம் என்றது நடந்தது. நீங்கள் அதுவரை தெரிந்துகொண்டால் போதும்.

அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினார். இருவரும் சேர்ந்து மில்லில் புகார் கொடுத்தார்கள். விசாரணை வைத்தார்கள். கோச் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் பிள்ளை எல்லாரோடும் வேனில்தான் மைதானத்துக்குப் போனாள், பின்னால் தனியாக வந்தது தான் மட்டும், ஆட்டத்தில் சேர்க்காத கோபத்தில் அவளும் மேலாளரும் கதை கட்டுகிறார்கள் என்றார். பட்டியலில் பதினெட்டுப் பேர். டிரிப் ஷீட்டில் பதினெட்டுப் பேர். அவ்வளவு தூரத்து லாட்ஜ்காரனை யாரும் கூப்பிடவில்லை. மற்ற பிள்ளைகளைக் கேட்டார்கள். "ஞாபகம் இல்ல." "நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேன்." "தூங்கிட்டேன்." தடையில்லாச் சான்று அத்தனை பேருக்கும் கண் முன்னால் நின்றது.

என்னைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் எங்கள் வண்டி மேற்பார்வையாளர் அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்தார். "எண்ணாம எழுதுனேன்னு சொன்னீர்னா வேலை போயிரும் வே. எண்ணித்தான் எழுதுனேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரும். மிச்சத்தக் காகிதம் பாத்துக்கிடும்." அப்போது உங்கள் அம்மாவுக்கு ஏழு மாதம். மூத்தவளே, வயிற்றில் இருந்தது நீ. உன் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு அது.

அறையில் மில்காரர்கள் இரண்டு பேரும், வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல் அம்மாவும் இருந்தார்கள். ஓரத்தில் அக்கா. வக்கீல் அம்மா டிரிப் ஷீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "இந்தப் பதினெட்டை எண்ணிப் பார்த்து எழுதினீங்களா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். வண்டியில் தலையில் விரல் வைக்கும்போது இருக்கிற அதே முகம்.

"எண்ணித்தான் எழுதுனேம்மா," என்றேன்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிவிட்டார்கள். கோச் அந்த வருஷக் கடைசியில் மாலையோடு விடைபெற்று வேறு ஊருக்குப் போனார். அங்கேயும் பெண்கள் அணிதான். ராதாபுரத்துப் பிள்ளை மட்டையைத் தங்கும் இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அக்காவைத் திரும்ப டைம் ஆபீசுக்கு அனுப்பினார்கள், ஆனால் பழைய நாற்காலி கொடுக்கவில்லை. சில மாதத்தில் அவரே நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தீபாவளிக்குப் புதுச் சட்டைத் துணி கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவரே கிட்டே வந்துவிட்டார்.

"நல்லா இருக்கியளா?"

என்னை அவர் வாங்க போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா, என்னையப் போயி..."

"பின்ன எப்படிக் கூப்பிட?" குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பிறகு, "அன்னைக்கு எண்ணுனியளா?" என்றார்.

"இல்லக்கா."

"எண்ணலைன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அந்தப் பிள்ளைக்குல்லா தெரியணும். மாசம் ஒருக்கா போய்ப் பாக்கேன். 'எக்கா, காகிதத்துல நான் வண்டியில போனதாத்தானே இருக்கு, ஒருவேளை போயிட்டேனோ, எனக்குத்தான் புத்தி பேதலிச்சிட்டோ'ன்னு கேக்கா. நீங்க அங்கன ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கேள்வியாவது அவளுக்கு இல்லாம இருந்திருக்கும்."

கைப்பையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதினார். டைம் ஆபீஸ் எழுத்து, அச்சு மாதிரி இருக்கும். "தையக்கடை வச்சிருக்கா. முடிஞ்சா எழுதுங்க." பாளையங்கோட்டை பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர் உதடு அசைந்ததைக் கண்டேன். பஸ்ஸில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அந்தக் காகிதத்தை லைசென்ஸ் உறையில் வைத்தேன். பத்து வருஷம் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தடவை போலீஸ்காரரிடம் லைசென்ஸ் காட்டும்போதும் அது கூடவே வெளியே வரும். மறுபடி உள்ளே வைப்பேன். மில்லை விட்டு பள்ளிக்கூட வேனுக்கு வந்தேன். தலையைத் தொட்டு எண்ண ஆரம்பித்தேன். அதைச் செய்தால் பாவம் கொஞ்சம் கழியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஆனால் உங்களை எண்ணுவதால் அவள் கணக்கு எப்படிச் சரியாகும்?

போன மாதம் பாளையங்கோட்டையில் சுவரொட்டியில் அக்காவின் படத்தைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் கொஞ்சம் பேர்தான். அந்த அணிப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இப்போது குழந்தைகள். ராதாபுரத்துப் பிள்ளையும் வந்திருந்தாள். குழிக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால் நின்றாள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

வெளியே வரும்போது கோல்கீப்பர் பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அதே வாய். "அண்ணே, நாங்களும் சொல்லலண்ணே. தூங்கிட்டேன்னு சொன்னது நான்தான். எங்க தூங்குனேன்? அவ எடம் காலியா இருக்குன்னு என் காலுக்குக் கட்டுற பேடு பையத் தூக்கி அதுலல்லா வச்சேன்."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "பிள்ளைகளுக்கும் எழுதிக்குடுங்க. மூத்தவ அங்கன போறதுக்கு முன்ன," என்றாள். அதனால்தான் இது.

மூத்தவளே, நீ ஆடு. ஆட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியில் ஒரு இடம் காலியாக இருந்தால் அதில் உன் பையை வைக்காதே. அது யாருடைய இடம், அவள் எங்கே என்று கேள். சத்தமாகக் கேள். உனக்கே ஏதாவது என்றாலும் எனக்குச் சொல். நான் நம்புவேனோ மாட்டேனோ என்று நீ ஒரு நாளும் யோசிக்க வேண்டாம்.

டிரிப் ஷீட் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதுவோம். மேல் தாள் ஆபீசுக்குப் போகும், நகல் புத்தகத்தில் இருக்கும். முடிந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் புத்தகத்தை மட்டும் தொலைந்துவிட்டது என்று சொல்லி நான் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நேற்று மத்தியானம் நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, காலி வேனில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். ஷீட்டில் அடித்துத் திருத்தினால் பக்கத்திலேயே முழுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது மில் வழக்கம். மைதானத்துக்குப் போன வரியில் 18 என்பதை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் 17 என்று எழுதினேன். கீழே, "அன்று நான் எண்ணவில்லை. விசாரணையில் எண்ணினேன் என்று சொன்னது பொய். நீங்கள் வண்டியில் ஏறவில்லை" என்று எழுதி, கையெழுத்தும் நேற்றைய தேதியும் போட்டேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன் என்று போன் நம்பரையும் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதி, அதை மட்டும் அடித்துவிட்டேன். அதற்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தாளைக் கிழித்து உறையில் போட்டு, அக்காவின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து விலாசத்தை எழுதினேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு, அது விழுந்துவிட்டதா என்று இரண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன்.